சேர்ந்தது காலேஜ், வெளியே வந்தது யூனிவர்சிட்டி

முதுநகர்க்காரன்:

1982-ல் கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குத் தினமும் பாசஞ்சரில் போய்ப் படித்தவன் நான். ஒருநாள் புதுச்சத்திரத்தில் ஏறிய ஒரு பெரியவர், எழுபதைத் தாண்டியிருக்கும், என் மடியிலிருந்த நோட்டைப் பார்த்துவிட்டு "தம்பி, அண்ணாமலையா?" என்றார். "ஆமாங்க ஐயா" என்றேன். "நான் 1927-ல சேர்ந்தப்ப அது மீனாட்சி காலேஜ். 31-ல பி.ஏ. முடிச்சு வெளிய வந்தப்ப யூனிவர்சிட்டி. நான் எங்கயும் மாறலை, இருந்த இடத்திலேயே அது மாறிப்போச்சு."

எனக்கு அதுவரை பல்கலைக்கழகம் என்றால் 1929 என்ற வருடம் மட்டும்தான் தெரியும். அதற்கு ஒன்பது வருடம் முன்னாலேயே, 1920-ல், ஸ்ரீ மீனாட்சி கல்லூரியை அண்ணாமலை செட்டியார் சிதம்பரத்தில் ஆரம்பித்துவிட்டார், அப்புறம் தமிழுக்கும் வடமொழிக்கும் தனித்தனிக் கல்லூரிகள் வந்தன என்பதெல்லாம் அன்றைக்கு அவர் சொல்லித்தான் தெரிந்தது. அந்தக் கல்லூரிகளோடு 20 லட்சம் ரூபாயையும் சேர்த்துக் கொடுத்தபிறகுதான் சட்டம் வந்து பல்கலைக்கழகம் ஆனது. 20 லட்சம் என்று சொல்லும்போது அந்தக் கிழவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார், ஏதோ கோயில் நகையைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

செட்டிநாட்டுக் கானாடுகாத்தான்காரரான அண்ணாமலை செட்டியார் ஏன் சிதம்பரத்தில் வந்து கட்டினார் என்று கேட்டேன். "நடராஜர் கோயில் திருப்பணியில அவங்க நகரத்தார் சமூகத்தோட கை எவ்வளவுன்னு உனக்குத் தெரியுமா? அவர் அண்ணன் ராமசாமி செட்டியார் இந்த ஊர்ல பள்ளிக்கூடம் வச்சவர். அவங்களுக்கு இது வெளியூர் இல்ல தம்பி" என்றார். காரணம் அது ஒன்றுதானா என்று எனக்குத் தெரியாது, ஆனால் இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பதில் எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

அவருக்கு ஒரே ஒரு குறை. உ.வே. சாமிநாதையர் 1924 முதல் மீனாட்சி தமிழ்க் கல்லூரியில் முதல்வராக இருந்தவர், இவர் சேர்ந்த அதே 1927-ல் விலகிவிட்டார். "ஒரு தடவைகூடக் கண்ணால பார்க்கலை" என்று வெள்ளாற்றுப் பாலம் வருகிற வரைக்கும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டேனே என்று இன்றும் வருத்தமாக இருக்கிறது.

பண்ருட்டி வாசகி:

அண்ணா, எங்கள் வீட்டில் இது பாட்டுவழியாக வந்த கதை. என் அம்மாவின் பெரியப்பா அங்கே இசை படித்தவர். தெலுங்குக் கீர்த்தனைகளுக்கு நடுவில் கடைசியாக ஒரு துக்கடா, அதாவது சின்னப் பாட்டு, மட்டும் தமிழில் பாடுவார்கள், அந்தக் காலத்தில் கச்சேரி என்றால் அப்படித்தான் என்பார். அது மாற வேண்டும் என்று பணத்தையும் செல்வாக்கையும் போட்டு நின்றவர் ராஜா சர் அண்ணாமலை செட்டியார். 1941-ல் அண்ணாமலைநகரிலேயே தமிழிசை மாநாடு நடந்தது, இரண்டு வருடத்தில் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் வந்தது. எதிர்ப்பும் கடுமையாக இருந்தது, சங்கீத வித்வான்களே இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். என்னைக் கேட்டால் அவர் கட்டிய கட்டடங்களைவிட இதுதான் பெரிய காரியம். எங்கள் பெரிய தாத்தா படுத்த படுக்கையாக இருந்தபோதும் தமிழில் கீர்த்தனை பாடிய முத்துத்தாண்டவர் பாட்டைத்தான் முணுமுணுத்தார்.

மஞ்சக்குப்பம் சார்:

நான் 90-களில் படித்தவன். அப்போது இணைவேந்தர் எம்.ஏ.எம். ராமசாமி, நிறுவனரின் பேரன். 1948-ல் தாத்தா காலமானதும் மகன் ராஜா சர் முத்தையா செட்டியார் அந்தப் பொறுப்புக்கு வந்தார், 1984-ல் அவரும் போனபின் இவர். மூன்று தலைமுறை. 2013-ல் அரசு புதுச்சட்டம் கொண்டுவந்து பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டதோடு அது முடிந்தது. அரசு எடுத்தது சரிதான் என்பவன் நான், கட்டணம் கட்ட முடியாமல் வேறு வழி பார்த்த நண்பர்கள் எனக்கும் உண்டு. ஆனாலும் செய்தி வந்த அன்று மனசு கேட்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு சிதம்பரம் போய், ரயில் பாதையைத் தாண்டி, நிறுவனர் ராஜாவின் சிலைக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். பூ வாங்கிக்கொண்டு போகத் தோன்றவில்லை. வாங்கியிருக்கலாம்.