நான்கு நாள் மழைக்குப் பிறகு குறி இடப்பக்கம் ஒதுங்குகிறது: குழலில் குறையா, வால்நட் கட்டையிலா?

தென்தீவுவாசி (கேள்வி)

வணக்கம். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் வசிக்கிறேன். மான் வேட்டைக்குச் செல்லத் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அத்தனை காலமும் ஒரு நண்பரிடமிருந்து வாங்கிய பழைய துப்பாக்கியையே வைத்திருந்த நான், சென்ற அக்டோபரில் .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கான ஓர் ஐரோப்பிய போல்ட்-ஆக்‌ஷன் ரைஃபிளைத் துணிந்து வாங்கினேன். விலையைக் கேட்டால் என் மனைவியைப் போலவே நீங்களும் முகம் சுளிப்பீர்கள். தயாரித்த நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. குறை அவர்களுடையதா என்னுடையதா என்று தெளிவாகாத நிலையில் பெயர் சொல்வது முறையன்று.

முதல் ஆறு மாதங்களில் இந்தத் துப்பாக்கியைப் பற்றி எனக்கு நல்ல எண்ணமே இருந்தது. போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் இரும்புத் தண்டு) இழுத்துத் தள்ளினால் எங்கும் உரசாமல், எண்ணெயில் வழுக்குவதுபோல ஓடுகிறது. தோட்டா மேகசினை விட்டு எழும்பும்போதே போல்ட்டின் அகன்ற கொக்கி அதன் விளிம்பைப் பற்றிக்கொள்வதால், சரிவில் ஒருக்களித்துப் படுத்திருந்து இயக்கினாலும் தோட்டா நழுவுவதில்லை. இது ஜெர்மனியின் மவுசர் 98 ரைஃபிளால் புகழ்பெற்ற பழைய ஏற்பாடுதான். விசை எந்தக் கணத்தில் விடுபடும் என்பது விரலுக்குத் தெரிகிறது. துப்பாக்கியின் வால்நட் மரக்கட்டையில் ஓடும் கருங்கோடுகளை மாலை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டு நேரம் போவதே தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எடைதான் குறை. ஸ்கோப்பும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) சப்ரஸரும் (குழல் நுனியில் மாட்டும் ஓசை குறைப்பான்) சேர்ந்தால் நான்கு கிலோவைத் தாண்டிவிடுவதால், ஆயிரம் மீட்டர் ஏற்றத்தில் தோள் முணுமுணுக்கத் தொடங்குகிறது.

இனி சிக்கலுக்கு வருகிறேன். ஏப்ரல் தொடக்கத்தில், செம்மான் கிடாக்கள் கத்தும் பருவத்தில், மேற்குக் கரையிலுள்ள தென் வெஸ்ட்லேண்டில் ஐந்து நாள்கள் இருந்தோம். அவற்றில் நான்கு நாள் விடாத மழை. மார்ச் மாதத்தில் 100 மீட்டரில் மூன்று குண்டுகள் 22 மில்லிமீட்டருக்குள் விழுந்த அதே துப்பாக்கி, ஊர் திரும்பிய பிறகு சுடுதளத்தில் 60 மில்லிமீட்டருக்குப் பரத்தியது. அந்தக் கூட்டத்தின் நடுப்புள்ளியும் இடப்பக்கம் 6 சென்டிமீட்டரும் மேலே 2 சென்டிமீட்டரும் நகர்ந்திருந்தது. இதைக் கணக்கிட்டால் 250 மீட்டரில் 15 சென்டிமீட்டர் இடப்பக்கம் விலகும்; அது நுரையீரலுக்கும் வயிற்றுக்கும் உள்ள வேறுபாடு. முதல் குண்டும் இரண்டாவதும் ஓரளவு அருகருகே விழுகின்றன. மூன்றாவதிலிருந்து ஒவ்வொன்றும் மேலும் இடப்பக்கமாக நடக்கிறது.

ஸ்கோப் வளையங்களின் திருகுகளைச் சரிபார்த்துவிட்டேன், எதுவும் தளரவில்லை. குழலைச் செம்புப் படிவு நீங்கும்வரை துடைத்தேன். தோட்டாக்கள் மார்ச்சில் பயன்படுத்திய அதே பெட்டியிலிருந்தவை. குழலில்தான் குறை என்று எண்ணி, விற்ற கடைக்கே திருப்பி அனுப்பலாமா என்று யோசிக்கிறேன். அதற்கு முன் நான் பார்க்க வேண்டியது ஏதாவது உண்டா?

மலைச்சரிவு (பதில்)

நண்பரே, கடைக்கு அனுப்புவதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்லுங்கள். சப்ரஸரை இரண்டு முறையும் ஒரே அளவுக்கு முறுக்கி மாட்டினீர்களா? அதைக் கழற்றிவிட்டுச் சுட்டுப் பார்த்தீர்களா? குழலின் நுனியில் முந்நூறு, நானூறு கிராம் தொங்கும்போது குறி நகர்வது இயல்புதான். ஆனால் சப்ரஸர் மரையில் அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தால் அந்த நகர்வு ஒவ்வொரு குண்டுக்கும் மாறும், குண்டுகள் விழும் கூட்டமும் சிதறும்.

அடுத்தது, சுடுதளத்தில் மணல்பையை எங்கே வைத்தீர்கள் என்பது. மார்ச்சில் மேகசினுக்கு அருகிலும் ஏப்ரலில் வார் மாட்டும் வளையத்துக்கு முன்னாலும் வைத்திருந்தால், குழலுக்கு அடியில் நீளும் மென்மையான முன்கட்டை வளைந்து குழலைத் தொட்டிருக்கக்கூடும். சுட்டவரை விட்டுவிட்டுச் சுட்ட துப்பாக்கியைக் குறை சொல்லும் வழக்கம் எனக்கும் உண்டு, அதனால்தான் கேட்கிறேன்.

பழைய துவக்கு (பதில்)

தம்பி, மலைச்சரிவு கேட்டவற்றைப் பார்த்துவிடுங்கள். ஆனால் நீங்கள் விவரித்த அடையாளங்களை வாசித்தபோது எனக்கு மரத்தின் மீதுதான் சந்தேகம் எழுந்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வால்நட் கட்டை போட்ட ஒரு மவுசர் துவக்கை வைத்திருக்கிறேன். ஃபியோர்ட்லேண்டில் இரண்டு முறை அது என்னை இப்படியே ஏமாற்றியது. அங்குள்ள மில்ஃபோர்ட் சவுண்டில் ஆண்டு மழை 6,000 மில்லிமீட்டரைத் தாண்டும். அத்தகைய ஈரத்தில் மரம் சும்மா இருக்காது.

துவக்கில் தோட்டா இல்லை என்பதை இருமுறை பார்த்து, போல்ட்டைக் கழற்றி அப்பால் வைத்துவிட்டு, ஒரு பத்து டாலர் நோட்டைக் குழலுக்கும் முன்கட்டைக்கும் இடையில் நுழைத்து, நுனியிலிருந்து பின்னோக்கி இழுத்துக்கொண்டு போங்கள். எங்கள் நோட்டு பாலிமர் என்பதால் ஈரத்தில் கிழியாது; இந்த ஒரு வேலைக்கு மிகவும் வசதி. அது எங்கே சிக்குகிறது, எந்தப் பக்கம் சிக்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் சிக்கினால் மரம் வலமிருந்து குழலை நெருக்குகிறது என்று பொருள். உங்கள் குண்டுகள் இடப்பக்கம் போவதற்கு அது பொருந்தும். குழல் சூடேறும்போது விரிந்து, ஏற்கெனவே தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் இன்னும் அதிகமாக முட்டும். மூன்றாவது குண்டிலிருந்து குறி நடப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. நோட்டு சிக்கியதும் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கத் தொடங்கிவிடாதீர்கள். சில தயாரிப்பாளர்கள் குழலைக் கட்டையிலிருந்து முழுவதும் விலக்கி மிதக்க விடுகிறார்கள். வேறு சிலர் முன்கட்டையின் நுனியில் வேண்டுமென்றே ஒரு சிறு மேடு விட்டுக் குழலைத் தாங்கச் செய்கிறார்கள். உங்களுடையது எந்த வகை என்பதைக் கையேட்டில் பாருங்கள்.

தென்தீவுவாசி

மிக்க நன்றி, ஐயா. சப்ரஸரைக் கழற்றிச் சுட்டுப் பார்த்தேன். குறியின் இடம் சிறிது மாறியதே தவிர சிதறல் குறையவில்லை. மணல்பை இரண்டு முறையும் ஒரே இடத்தில்தான் இருந்தது.

நோட்டுச் சோதனையின் முடிவு என்னை வெட்கப்பட வைத்தது. கையேட்டின்படி குழல் முழுவதும் மிதக்க வேண்டும். இடப்பக்கம் நோட்டு தாராளமாக ஓடுகிறது. வலப்பக்கம் வார் வளையத்துக்குச் சற்று முன்னால் தொடங்கி நுனிவரை அசையவே இல்லை. கட்டையைக் கழற்றிப் பார்த்தபோது, வெளிப்புறத்தில் அத்தனை அழகாக எண்ணெய் ஏற்றியிருக்கும் மரம், குழல் படுக்கும் குழியின் உள்ளே ஏறத்தாழ பூச்சே இல்லாத வெறும் மரமாகவே இருந்தது. தோளில் படும் ரப்பரைக் கழற்றினால் அதன் அடியிலும் அதே கதை. இந்த விலைக்கு இன்னும் இரண்டு கை எண்ணெய் பூசியிருக்கலாமே என்ற ஆதங்கம் எழாமல் இல்லை. கழற்றுவதற்கு முன்பே பின்பக்கத் திருகு கையேட்டில் சொன்ன அளவைவிடத் தளர்ந்திருந்ததையும் கவனித்தேன்.

இப்போது வலப்பக்கத்தை மட்டும் தேய்த்துவிடலாமா? ஹீட்டருக்கு அருகில் ஓர் இரவு வைத்தால் தானாகச் சுருங்கிவிடுமா?

மரத்தச்சர் (பதில்)

இரண்டையும் செய்யாதீர்கள். நான் துப்பாக்கிகளை அறிந்தவன் அல்லன். முப்பது ஆண்டுகளாக அறைகலன் செய்பவன், மரத்தை அறிவேன்.

மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசைவதில்லை. குறுக்கே வீங்கும், குறுக்கே சுருங்கும். ரேகை ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் சுழன்றும் ஓடினால் இரு பக்கமும் ஒரே அளவு வீங்காது. விளைவாகக் கட்டை முறுக்கிக்கொள்ளும். நீங்கள் மெச்சிய அந்தக் கருங்கோட்டுச் சுழல்கள் முன்கட்டைவரை ஓடுகின்றனவா என்று பாருங்கள். பார்வைக்கு அழகான ரேகை அடிக்கட்டையில் இருக்கலாம். முன்கட்டையில் நேர்ரேகைதான் நல்லது.

ஹீட்டரருகே வைத்தால் மேற்பரப்பு முதலில் காய்ந்து, உள்ளே ஈரம் தங்கி, வெடிப்பு விழும். மிக்க விலை கொடுத்து வாங்கிய கட்டையில் மெல்லிய கீறல் விழுவதைப் பார்த்தால் அழுகை வரும். ரப்பரைக் கழற்றிய நிலையிலேயே, வெயில் படாத, காற்றோட்டமுள்ள அறையில் கட்டையைக் கிடையாக வைத்துவிடுங்கள். சமையலறைத் தராசில் இன்றைய எடையைக் குறித்துக்கொண்டு வாரம் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். தொடர்ந்து இரண்டு முறை எடை மாறாதிருந்தால் மரம் அறையின் ஈரத்தோடு சமன்பட்டுவிட்டது என்று கொள்ளலாம். அதற்குப் பிறகுதான் இடைவெளியை அளக்க வேண்டும். இன்று வீங்கிய மரத்தைத் தேய்த்தால், அது சுருங்கிய பின் அங்கே பள்ளம் நிற்கும்.

சமன்பட்ட பிறகு உட்குழி, ரப்பருக்கு அடியிலுள்ள குறுக்குவெட்டு, மேகசின் பொந்து, திருகுத் துளைகள் எல்லாவற்றுக்கும் எண்ணெயோ வார்னிஷோ ஏற்றுங்கள். குறுக்குவெட்டு முகம் வைக்கோல் கற்றையின் முனையைப் போன்றது. நீரை உறிஞ்சுவது அதன் வழியாகத்தான். எந்தப் பூச்சும் ஈரத்தை முற்றிலும் தடுக்காது, தாமதப்படுத்தும். ஐந்து நாள் வேட்டைக்கு அந்தத் தாமதமே போதும்.

சரிவுநடை (பதில்)

வருத்தப்படாதீர்கள், ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. பின்லாந்தின் ரீஹிமாக்கியில் சாக்கோ தயாரிக்கும் டீக்கா ரைஃபிளில் பிளாஸ்டிக் கட்டை போட்ட ஒன்று என்னிடம் இருக்கிறது. உங்கள் செலவில் மூன்றில் ஒரு பங்கு கூட ஆகவில்லை. அதை ஓடையில் நனைத்திருக்கிறேன், பனியில் புதைத்திருக்கிறேன், ஸீரோ (ஸ்கோப்பில் பொருத்திவைத்த குறி) நகர்ந்ததில்லை. மழைக்காட்டில் மான் தேடிப் போகிறவர் தராசு வைத்து மரத்துக்கு நோய்ப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா?

பழைய துவக்கு

வேண்டியதில்லைதான். ஆனாலும், புலி வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் வைத்திருந்த .275 ரிக்பியும் மரக்கட்டை போட்ட மவுசர் வகைத் துவக்குத்தான். சம்பாவத் பெண்புலியைக் கொன்றதற்காக 1907-இல் அவருக்கு அது பரிசாகக் கிடைத்தது. இமயமலைப் பகுதியான குமாவோனின் மழையையும் அது கண்டிருக்கும். அவர் சுட்ட தூரம் பெரும்பாலும் மிகக் குறைவு, நாம் இந்த மலைகளில் 250 மீட்டரில் சுடுகிறோம் என்று நீங்கள் மறுத்தால், அதில் நியாயம் உண்டு.

தம்பி, நீங்கள் கட்டையைத் திரும்பப் பூட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். மரம் சுருங்கினால் திருகும் தளரும். துவக்கை நிமிர்த்தி, அடிக்கட்டையைத் தரையில் ஊன்றி, உதைப்பைத் தாங்கும் இரும்புப் பல் தன் குழியின் பின்சுவரில் நன்றாகப் பொருந்திய பிறகு முன் திருகை முறுக்குங்கள். பின் திருகு அடுத்தது. கை அனுமானத்தை நம்பாமல் அளவுகாட்டும் ஸ்பேனரைப் பயன்படுத்துங்கள். நூறு வேட்டை முடிந்தவர்கள்கூட இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். நான் முதல் ஆள்.

தென்தீவுவாசி (ஆறு வாரங்களுக்குப் பிறகு)

அனைவருக்கும் விவரம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். கட்டை மட்டும் முதல் நாள் 1,046 கிராம் இருந்தது. ஐந்தாவது வாரத்தில் 1,011 கிராமில் நின்று, ஆறாவது வாரத்திலும் அதே எடையைக் காட்டியது. அதாவது 35 கிராம் தண்ணீரை அது சுமந்துகொண்டு வந்திருக்கிறது. நானும் அதை மலையேறிச் சுமந்திருக்கிறேன். நோட்டு இப்போது இருபக்கமும் ஓடுகிறது, ஆயினும் வலப்பக்கம் நுனியருகே இன்னும் சற்று இறுக்கம் இருந்ததால், துப்பாக்கி பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் அந்த இடத்தில் மட்டும் அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவி, உட்புறம் முழுவதற்கும் பூச்சு ஏற்றித் தந்தார். முன்கட்டையின் வலப்பக்கத்தில் ரேகை சுழன்றுதான் ஓடுகிறது என்று அவரும் சொன்னார். தச்சரின் கணிப்பு சரியாக இருந்தது.

இரண்டு திருகுகளையும் கையேட்டில் உள்ளபடி 5 நியூட்டன்-மீட்டருக்கு முறுக்கினேன். நேற்று 100 மீட்டரில் மூன்று குண்டுகள் 24 மில்லிமீட்டரில் விழுந்தன. ஐந்து குண்டுகளைத் தொடர்ந்து சுட்டும் குறி நடக்கவில்லை. பழைய ஸீரோவிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மட்டுமே வேறுபாடு இருந்தது. ஸ்கோப்பின் திருகில் ஒரு கிளிக் 100 மீட்டரில் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் என்பதால் ஒரே கிளிக்கில் முடித்துக்கொண்டேன்.

சரிவுநடை கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். நியாயமாகப் பார்த்தால் நீங்கள் சொல்வதே சரி. ஈரத்துக்கு மட்டும் என்றால் உங்கள் துப்பாக்கிதான் நல்லது. ஆனால் எனக்குப் பிடித்தது அந்த போல்ட்டும் விசையும். அவற்றைப் பிளாஸ்டிக் கட்டையில் வைத்தாலும் அவை மாறப் போவதில்லை. அதனால் இதற்கே பொருந்தும் செயற்கைக் கட்டை ஒன்று கிடைக்குமா என்று விசாரித்து வருகிறேன். அது கிடைத்தால் மேற்குக் கரைக்கு அதையும், கேன்டர்பரியின் வறண்ட மலைகளுக்கு வால்நட்டையும் எடுத்துச் செல்லலாம்.

இன்னும் ஒரே ஒரு ஐயம். இம்மாத இறுதியில் மவுண்ட் குக் பக்கம் தார் வேட்டைக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. (1904-இல் இங்கே கொண்டுவந்து விடப்பட்டுப் பெருகிய இமயமலை ஆட்டினம்தான் இது. ஊரிலே வரையாட்டைத் தொட்டால் சிறை என்று வளர்ந்தவன், அதன் உறவுக்கார விலங்கைத் தேடி மலையேறுவது ஒவ்வொரு முறையும் விநோதமாகவே இருக்கிறது.) முகாமுக்குச் சென்ற பின் ஸீரோவை ஒரு முறை சரிபார்ப்பது நல்லதா, அல்லது அந்த ஓசையே விலங்குகளை விரட்டிவிடுமா?

மலைச்சரிவு

சரிபாருங்கள். பள்ளத்தாக்கின் அடியில், வண்டியை நிறுத்தும் இடத்துக்கு அருகில், பின்னால் மண்மேடு உள்ள இடமாகவும் அப்பால் யாரும் இல்லை என்று உறுதியான இடமாகவும் பார்த்து, குளிர்ந்த குழலில் ஒரே ஒரு குண்டு சுடுங்கள். வேட்டையில் நீங்கள் சுடப்போவதும் அந்த முதல் குண்டைத்தான். ஒரு சென்டிமீட்டருக்குள் விழுந்தால் ஸ்கோப்பைத் தொடாமல் மலையேறுங்கள். நோட்டையும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாலையும் கூடாரத்தில் போல்ட்டைக் கழற்றும்போது ஒரு முறை இழுத்துப் பார்க்க அரை நிமிடம்தான் ஆகும்.