மாலைதீவுக்குப் போய்வந்தவர்கள் சொல்லுங்கள்: முதலில் அறையா, படகா?

வெள்ளவத்தையிலிருந்து

எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் ஒரு மாலைதீவுக் குடும்பம் சில மாதங்கள் வாடகைக்கு இருந்தது. தாயாருக்கு வைத்தியம் பார்க்க வந்தவர்கள். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. மருத்துவத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் அவர்கள் கொழும்புக்கு வருவது நெடுநாள் வழக்கம். அந்த வீட்டு மகளிடம், "பெப்ரவரியில் உங்கள் ஊருக்கு வரப் போகிறோம், வெள்ளிக்கிழமை காலை விமானம்" என்று ஆசையாகச் சொன்னேன். அவர் சிங்களத்தில் கேட்ட முதல் கேள்வி: "எந்தத் தீவு? படகு பார்த்துவிட்டீர்களா?"

நான் பார்க்கவில்லை. மாஃபுஷித் தீவில் அறை பேசியிருந்தேன், அவ்வளவுதான். கட்டுநாயக்கவில் ஏறினால் ஒன்றரை மணித்தியாலம், இறங்கினால் வந்துவிட்டோம் என்றுதான் மனதில் இருந்தது. அவர் ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டுக் காட்டினார். விமான நிலையமே ஒரு தனித் தீவு. 2018இல் திறந்த பாலத்தால் அங்கிருந்து தலைநகர் மாலேக்குத் தரைவழியாகவே போகலாம். ஆனால் மாஃபுஷிக்குப் போகும் மலிவான பயணிகள் படகு மாலேயிலிருந்துதான் புறப்படும், ஒன்றரை மணித்தியாலம் எடுக்கும். வெள்ளிக்கிழமை அது ஓடாது. விரைவுப் படகு என்றால் முக்கால் மணிக்குள் கொண்டுபோய் விட்டுவிடும், ஆனால் ஆளுக்கு இவ்வளவு என்று டொலரில் வாங்குவார்கள். நாங்கள் ஐந்து பேர். போகவும் வரவும் கணக்குப் போட்டதும் அன்றிரவே டிக்கெட்டைச் சனிக்கிழமைக்கு மாற்றினேன்.

போகும்போது மெதுவான படகு, திரும்பும்போது விமானத்தைத் தவறவிடாமல் இருக்க விரைவுப் படகு. அந்த மெதுவான படகை இன்றும் நினைக்கிறேன். வெங்காய மூட்டை, மின்விசிறிப் பெட்டி, தூங்கும் குழந்தை என்று ஊர்ச் சனத்தோடு போனோம். மாமிக்குக் கடல் என்றால் பயம். படகு ஆடியபோது பக்கத்தில் இருந்த பெண் ஒன்றும் பேசாமல் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். இறங்கும்வரை விடவில்லை.

மாமியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கே போனாலும் கைப்பையில் ஒரு சின்னப் பிள்ளையார் இருப்பார். வழிபாட்டுச் சிலைகளை அந்த நாட்டுக்குள் கொண்டுபோக அனுமதியில்லை, மதுபானமும் அப்படித்தான். இதைக் கீழ்வீட்டுப் பெண் மிகத் தயங்கித்தான் சொன்னார். மாமி பிள்ளையாரைச் சாமியறையில் வைத்துவிட்டு, விளக்கேற்றும் பொறுப்பை என் அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தார். விமான நிலையத்தில் பையைத் திறந்து காட்டி மனம் நோகாமல், முதலே தெரிந்தது பெரிய உதவி.

செலவில் பலர் மறப்பது பசுமை வரி. 2025 ஜனவரியிலிருந்து 50 அறைகள் வரையுள்ள விருந்தினர் விடுதிகளில் ஆளுக்கு நாளொன்றுக்கு 6 டொலர், ரிசோர்ட்டுகளில் 12. எங்களுக்கு நான்கு இரவுக்கு 120 டொலர் வந்தது. அறை வாடகையோடு சேர்த்தே எழுதி வையுங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து

வெள்ளவத்தை அக்கா சொன்ன படகுக் கதை எங்கள் வீட்டில் கடல்விமானமாக வந்தது. தங்கையும் அத்தானும் கல்யாணம் முடித்துப் போன பயணம். தூரத்துத் தீவு ரிசோர்ட். இங்குள்ள ஒரு முகவர்தான் எல்லாம் செய்து கொடுத்தார், விமானம் மாலேயில் இறங்குவது மாலை ஆறரைக்கு. கடல்விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. ரிசோர்ட்டில் காசு கட்டிய முதல் இரவு வீணாக, விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹுல்ஹுமாலேயில் கைக்காசில் அறை எடுத்துப் படுத்தார்கள். தங்கை அழுதுகொண்டே எடுத்த அழைப்பு இன்னும் காதில் இருக்கிறது. முகவர் பிறகு எங்கள் தொலைபேசியை எடுக்கவேயில்லை. கடல்விமானத்தில் போகும் தீவென்றால் தயவுசெய்து காலை விமானமாகவே பாருங்கள்.

அப்புறம், விசாவுக்கு முன்கூட்டி யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம். 30 நாள் விசா அங்கே இறங்கியதும் இலவசமாகவே கிடைக்கும். திரும்பும் டிக்கெட்டும் தங்குமிடப் பதிவும் கையில் இருக்க வேண்டும். புறப்படுவதற்கு முந்திய 96 மணித்தியாலத்துக்குள் இணையத்தில் நிரப்பும் பயணப் படிவமும் இலவசம்தான்.

தெஹிவளையிலிருந்து

நான் போனது ஜூலையில். தென்மேல் பருவக்காற்றுக் காலம். படகு ஒருநாள் பிந்தியது, கடல் கலங்கிக் கிடந்தது. வெயிலும் தெளிந்த நீரும் வேண்டுமென்றால் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை போங்கள். ஆனால் எனக்கு அந்தப் பயணம் வேறு காரணத்துக்காகத்தான் முக்கியம்.

அப்பா புறக்கோட்டையில் மாசிக் கருவாட்டுக் கடை வைத்திருந்தார். சாக்குச் சாக்காக மாலைதீவு மாசி வரும். அந்த மணத்தில்தான் நான் பாடம் படித்தேன். சூரை மீனை அவித்து, புகைபோட்டு, வெயிலில் மரம்போல் காயவிடுவார்கள் என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன், பார்த்ததில்லை. தங்கியிருந்த தீவில் ஒரு வீட்டு முற்றத்தில் அதைப் பார்த்தேன். அவர்கள் ஹிகிமஸ் என்கிறார்கள். வயதான ஒருவர் எனக்காகத் துண்டுகளை எண்ணி வைத்தார்: "எகே, தே, தினே..." அவர்களுடைய திவேஹி மொழி சிங்களத்துக்கு உறவு என்று தெரியும், ஆனாலும் காதில் விழுந்தபோது உடம்பு சிலிர்த்தது. அவர் "ஹதரே" என்றபோது நான் சிங்களத்தில் "ஹதர" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஃபஹே" என்றார். "பஹ" என்றேன். நான் கேட்டது ஐந்துதான். அவர் ஆறாவது துண்டைக் கையில் எடுத்து, நான் சொல்லட்டும் என்று காத்திருந்தார். "ஹய" என்றேன். அதையும் பையில் போட்டார், அதற்கு மட்டும் காசு வாங்கவில்லை.