'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்': 1959 மேடைப் பதிவா, 1965 படத்தின் இசைத்தட்டா?

வெண்பனி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் படிக்கும் பள்ளியில் இந்த ஆண்டு விழாவுக்கு 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' இசைநாடகத்தை உரிய அனுமதி பெற்று ஆங்கிலத்திலேயே மேடையேற்றுகிறார்கள். மகளுக்கு மடத்தலைவி வேடம் கிடைத்திருக்கிறது. சிறு வயதிலிருந்து நான் பார்த்து வளர்ந்த படம் என்பதால், படத்தின் பாடல்களைப் போட்டுக்காட்டினால் போதும், அவள் எளிதாகக் கற்றுக்கொள்வாள் என்று நினைத்திருந்தேன். ஆனால் பள்ளியில் கொடுத்த பிரதியைப் படித்தபோது எனக்குக் குழப்பமாகிவிட்டது. 'மை ஃபேவரிட் திங்ஸ்' பாடலை இடி மின்னலுக்குப் பயந்து வரும் குழந்தைகளுக்காக, அவர்களைப் பார்த்துக்கொள்ள மடத்திலிருந்து வந்த மரியா பாடுவதுதானே நாம் அறிந்தது? பிரதியில் அதை மரியாவும் மடத்தலைவியும் மடத்துக்குள் உட்கார்ந்து சேர்ந்து பாடுகிறார்கள். நான் கேட்டேயிராத பாடல்கள் மூன்றும் அதில் இருக்கின்றன.

1959ஆம் ஆண்டு நியூயார்க்கின் பிராட்வே மேடையில் நடித்த குழுவினரே பாடிய இசைத்தட்டு ஒன்று உண்டென்று அறிகிறேன். இரண்டையும் ஊன்றிக் கேட்டவர்கள் இங்கே இருப்பீர்கள். இவற்றுக்குள் உண்மையான வேறுபாடு என்ன, என் மகள் எதைக் கேட்டுப் பயில்வது நல்லது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய இசைத்தட்டு எழுதியது:

உங்கள் மகளுக்கு வாழ்த்துகள். நாடகத்தில் மிக நல்ல வேடங்களில் ஒன்று அவருக்குக் கிடைத்திருக்கிறது. படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு அதன் முழு அளவு தெரியாது.

ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் இசையமைத்து ஆஸ்கார் ஹேமர்ஸ்டைன் பாடல் எழுதிய இந்த நாடகம் 1959 நவம்பர் 16 அன்று நியூயார்க்கில் அரங்கேறியது. மரியாவாக மேரி மார்ட்டின், குழந்தைகளின் தந்தையான கேப்டனாகத் தியோடர் பிக்கெல், மடத்தலைவியாகப் பட்ரீஷியா நெவே ஆகியோர் நடித்தார்கள். அரங்கேறிய சில நாள்களிலேயே கொலம்பியா நிறுவனம் அதே குழுவை ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்துப் பாடவைத்தது. எனவே அந்தத் தட்டில் கேட்பது அரங்கத்தின் நேரடி ஒலி அன்று. ஆனால் அந்தப் பாடகர்கள் ஒவ்வொரு மாலையும் ஆயிரம் பேருக்கு முன்னால் அந்தப் பாத்திரங்களாக நின்று பாடிக்கொண்டிருந்த நாள்களில் எடுத்த பதிவு என்பதால், வசனத்தின் சூடு ஆறாமலே பாடலுக்குள் வருவதை அதில் உணரலாம். படத்தின் முறை வேறு. பாடல்களை முதலில் கூடத்தில் பதிவு செய்துகொண்டு, படப்பிடிப்பின்போது அந்த ஒலிக்கு வாயசைத்தார்கள். நம் ஊர்த் திரைப்படங்களால் நமக்கு நன்றாகப் பழகிய முறைதான்.

வேறுபாடு எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், முதல் பாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். மேடைப் பதிவின் தலைப்புப் பாடலில், மலையில் கழித்த நாள் முடிந்துவிட்டது, திரும்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது என்ற பொருளில் ஒரு முகப்பு உண்டு. மேரி மார்ட்டின் அதை மிக மெதுவாக, கிளம்ப மனமில்லாதவர் கடைசியாக ஒருமுறை திரும்பிப் பார்ப்பதைப்போலப் பாடுகிறார். அதன் பிறகே நாமறிந்த பல்லவி வருகிறது. படத்தில் அந்த முகப்பு இல்லை. அதன் இடத்தில் காற்றொலியும் பறவையொலியும் படிப்படியாக எழும் இசைக்குழுவும் இருக்கின்றன; மலைச்சரிவில் கைவிரித்துச் சுழலும் ஜூலி ஆண்ட்ரூஸ் நேரே பல்லவியை எடுத்துவிடுகிறார். ஒரே மெட்டு, ஒன்றில் அந்திப் பாடலாகவும் மற்றொன்றில் பட்டப்பகல் பாடலாகவும் ஆகிவிடுகிறது. சில வரிகள் போனதால் வந்த மாற்றம் இது என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

அடுத்து, பாடல்களின் இடமாற்றம். மேடையில் இடி மின்னல் காட்சிக்குரிய பாடல் 'தி லோன்லி கோட்ஹெர்ட்'. படத்தில் அதைப் பொம்மலாட்டக் காட்சிக்குக் கொண்டுபோய்விட்டு, காலியான இடத்தில் 'மை ஃபேவரிட் திங்ஸ்' பாடலை வைத்தார்கள். திரைக்கதை எழுதிய எர்னஸ்ட் லேமனின் இந்த மாற்றம் படத்துக்கு மிகவும் பொருந்தியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இழப்பு மடத்தலைவிக்கு. மேடையில், மரியா தோட்டத்தில் பாடிக்கொண்டிருந்த பாட்டு தாம் சிறுமியாக இருந்தபோது பாடியது என்றும், சொற்கள் மறந்துபோயின என்றும் தலைவி சொல்கிறார். பிறகு இருவரும் சேர்ந்து பாடுகிறார்கள். கண்டிக்க வேண்டியவர், தம் பிள்ளைப்பருவம் நினைவுக்கு வந்து முகம் மலரும் இடம் அது. ஜான் கோல்ட்ரேன் இந்த மெட்டை எடுத்துக்கொண்டு தம் புகழ்பெற்ற ஜாஸ் பதிவைச் செய்தது 1960இல். அப்போது படம் வரவேயில்லை என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

நீங்கள் கேட்டிராத மூன்று பாடல்களுக்கு வருகிறேன். 'ஹவ் கேன் லவ் சர்வைவ்', 'நோ வே டு ஸ்டாப் இட்', 'ஆன் ஆர்டினரி கப்பிள்' ஆகியவையே அவை. முதலிரண்டிலும் கேப்டனை மணக்கவிருந்த எல்ஸாவும் நண்பர் மாக்ஸும் பாடுகிறார்கள். படத்தில் எல்ஸா ஒரு வரிகூடப் பாடுவதில்லை. முதல் பாடல், பணக்காரர்களின் காதலில் துன்பத்துக்கு இடமேது என்று கேட்கும் சாமர்த்தியமான பாட்டு; அது போனதில் பெரிய நட்டமில்லை. இரண்டாவது அப்படியன்று. ஆஸ்திரியாவை நாஜிகள் விழுங்கப்போகும் வேளையில், உலகம் சுழல்வதை நாம் தடுக்க முடியாது, வளைந்துகொடுத்து நம்மைக் காத்துக்கொள்வோம் என்று எல்ஸாவும் மாக்ஸும் கேப்டனுக்கு எடுத்துச் சொல்கிறார்கள். தாளம் துள்ளுகிறது, மெட்டு தித்திக்கிறது, சொல்லப்படுவதோ சரணாகதி. கேப்டன் மறுக்கிறார், அந்த மறுப்பில்தான் மேடையில் எல்ஸாவோடு நிச்சயித்த திருமணம் முறிகிறது. படத்தில் அது முறிவதற்குக் காரணம் அவர் மனம் மரியாவிடம் போய்விட்டதுதான். கதையின் கடைசியில் அவர் எல்லாவற்றையும் விட்டு மலையேறிப் போகிறார் அல்லவா, அந்த முடிவின் விதை மேடைப் பதிவில் இந்த ஒரு பாட்டுக்குள் இருக்கிறது. படத்தின் இசைத்தட்டை எத்தனை முறை கேட்டாலும் இந்த வாதத்தை நீங்கள் கேட்க முடியாது.

மூன்றாவதற்குப் பதிலாகப் படத்தில் வந்தது 'சம்திங் குட்'. ஹேமர்ஸ்டைன் 1960 ஆகஸ்டில் காலமாகிவிட்டதால், படத்துக்கென்று சேர்த்த 'ஐ ஹாவ் கான்ஃபிடன்ஸ்', 'சம்திங் குட்' ஆகிய இரண்டுக்கும் ராட்ஜர்ஸே சொற்களும் எழுதினார். 'சம்திங் குட்' பழைய பாடலைவிடச் சிறந்தது என்பது என் கருத்து. பிற்கால மேடையேற்றங்கள் பலவும் படப்பாடல்களைச் சேர்த்துக்கொண்டிருக்கின்றன.

'எடல்வைஸ்' பற்றி ஒரு சொல். இதை ஆஸ்திரிய நாட்டுப்புறப் பாடல் என்று நம்புகிறவர்கள் ஏராளம். உண்மையில் ராட்ஜர்ஸும் ஹேமர்ஸ்டைனும் சேர்ந்து எழுதிய கடைசிப் பாடல் அது. மேடையில் அதைப் பாடிய பிக்கெல் வியன்னாவில் பிறந்து, 1938இல் நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றிய பின் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போனவர். கிதாருடன் நாட்டுப்பாடல்கள் பாடிப் பெயர்பெற்றவர். அவர் குரலில் அலங்காரம் எதுவுமில்லை. இழந்த நிலத்தைப் பற்றிய பாட்டை, அதை மெய்யாகவே இழந்த ஒருவர் பாடிய பதிவு நம் கையில் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிது.

கீழ்ஸ்தாயி எழுதியது:

மேலே எழுதியவரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் குரல் பயிற்சி தரும் ஆசிரியை என்ற முறையில், எதைக் கேட்டுப் பயில்வது என்ற கேள்விக்கு வேறு விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

பட்ரீஷியா நெவே ஆப்பெரா பாடகி. மெனோட்டி இயற்றிய 'தி கான்சல்' ஆப்பெரா 1950இல் அரங்கேறியபோது அதன் நாயகி அவர்தான். 'கிளைம் எவ்ரி மவுண்டன்' பாடலை அவர் தொடங்கும்போது குரலைப் பேச்சுக்கு அருகில் வைத்துக்கொள்கிறார். ஒவ்வொரு அடிக்கும் சிறிது சிறிதாக மூச்சின் அழுத்தத்தைக் கூட்டி, கடைசி உச்ச சுரத்துக்குப் போகும்போது கதவு ஒன்று முழுவதும் திறப்பதைப்போலக் குரல் விரிகிறது. மேடையில் முதல் அங்கத்தை முடித்துவைக்கும் பாடல் அது. ஒலிபெருக்கியின் துணையை நம்பாமல் கடைசி வரிசை வரை எட்ட வேண்டும். அதற்கான தேர்ச்சி பல ஆண்டுகளில் வருவது. பள்ளி மாணவி ஒருத்தி அந்தப் பதிவைக் கேட்டு அப்படியே பாட முயன்றால் தொண்டையை இறுக்கிக்கொள்வாள். என்னிடம் பயின்ற ஒரு பெண் அப்படிச் செய்து, நிகழ்ச்சிக்கு மூன்று நாள் இருக்கும்போது பேசவே முடியாமல் போனாள்.

படத்தில் மடத்தலைவியாக நடித்த பெக்கி வுட்டுக்காகப் பாடியவர் மார்ஜரி மெக்கே. ஒலிவாங்கி அருகில் இருப்பதால் அவர் அதிராமல், சொற்களைத் தெளிவாக வைத்துப் பாடுகிறார். உங்கள் மகள் சொல்லழுத்தத்தையும் மூச்சு எடுக்கும் இடங்களையும் இவரிடமிருந்து கற்றுக்கொள்ளட்டும். பாத்திரத்தை நெவேயிடமிருந்து கற்றுக்கொள்ளட்டும், குறிப்பாக 'மை ஃபேவரிட் திங்ஸ்' பாடலில் இருவர் குரலும் மாறி மாறி வரும் இடங்களை. அந்த மெட்டு மைனர் சாயலில் தொடங்கி மேஜரில் முடிகிறது. துயரத்தை நினைத்துக்கொண்டே ஆறுதலுக்கு வந்து சேரும் வழி அது. நெவே அங்கே தம் பெரிய குரலை முழுவதும் ஒளித்துவைத்துக்கொண்டு, சிறுபெண்ணின் ஆர்வத்தோடு பாடுகிறார். ஒரே நடிகை இவ்விரண்டு பாடல்களையும் பாடுவதைக் கேட்ட பிறகுதான், மரியாவுக்கு அறிவுரை சொல்லும் தகுதி இந்தத் தலைவிக்கு எங்கிருந்து வந்தது என்பது எனக்கு விளங்கியது.

மரியாவைப் பற்றியும் ஒரு சொல். மேடையேறியபோது மேரி மார்ட்டினுக்கு வயது 45. படப்பிடிப்பின்போது ஜூலி ஆண்ட்ரூஸுக்கு 28. மார்ட்டினின் குரல் கீழ்ஸ்தாயியில் கதகதப்பாகப் பேசும் குரல். ஆண்ட்ரூஸுடையது மேலே போகப்போகத் தெளியும் குரல். 'டோ ரே மி' பாடலில், முதலாமவர் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. இரண்டாமவர் அவர்களை இழுத்துக்கொண்டு ஊர் முழுவதும் ஓடுவது தெரிகிறது. எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நீலமணி எழுதியது:

படத்தின் இசைத்தட்டு பற்றி ஒரு கூடுதல் தகவல். கேப்டனாக நடித்த கிறிஸ்டோபர் பிளம்மர் தம் பாடல்களைத் தாமே பாடிப் பதிவு செய்திருந்தார். ஆனால் படத்தில் ஒலிப்பது பில் லீயின் குரல். பிளம்மரின் சொந்தப் பதிவுகள் 2023இல் வெளியான விரிவான பதிப்பில்தான் முதன்முதலாக வெளிவந்தன. லீயின் குரல் மெருகேறியது. பிளம்மருடையது சற்றே தயங்குவது. பல ஆண்டுகள் பாடாமல் இருந்த ஒரு தந்தை பாடத் தொடங்குவதுதானே காட்சி? அந்தத் தயக்கம் அங்கே பொருந்துகிறது. பின்னணி இசையும் முழுமையாக அந்தப் பதிப்பில் கிடைப்பதால், இசையமைப்பை ஒருங்கிணைத்த இர்வின் கோஸ்டலின் உழைப்பை அறிய விரும்புவோர் பழைய ஒற்றைத் தட்டோடு நின்றுவிட வேண்டாம். விருந்துக் காட்சியின் நடன இசையைக் கவனித்தால், நீக்கப்பட்ட 'ஹவ் கேன் லவ் சர்வைவ்' மெட்டு சொல்லில்லாமல் அங்கே ஒளிந்திருப்பது கேட்கும்.

வெண்பனி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு மேடைப் பதிவை மகளோடு உட்கார்ந்து முழுவதும் கேட்டேன். தொடக்கத்தில் கன்னியர் இசைக்கருவி எதுவுமின்றி லத்தீனில் பாடும் பகுதியின்போது, அவள் கையிலிருந்த பிரதியை மூடி வைத்துவிட்டாள். 'மை ஃபேவரிட் திங்ஸ்' முடிந்ததும், "அம்மா, இவங்க சிரிச்சுக்கிட்டே பாடுறாங்க" என்றாள். கீழ்ஸ்தாயி அவர்கள் சொன்னபடி, 'கிளைம் எவ்ரி மவுண்டன்' பாடலுக்கு மட்டும் மெக்கேயின் பதிவைக் கேட்டுப் பயிலச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு செய்தி. படத்தில் இல்லாத பாட்டு பார்ப்பவர்களுக்குப் புரியாது என்று, 'நோ வே டு ஸ்டாப் இட்' பாடலை நீக்கிவிடப் பள்ளியில் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். முதலில் எனக்கும் அது சரியென்றே பட்டது. இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. திங்கட்கிழமை ஒத்திகைக்குப் போகும்போது அந்தப் பதிவைக் கொண்டுபோய் ஆசிரியையிடம் போட்டுக்காட்டப் போகிறேன்.

பழைய இசைத்தட்டு எழுதியது:

கட்டாயம் போட்டுக்காட்டுங்கள். அனுமதி பெற்று மேடையேற்றும் நாடகத்தில் ஒரு பாடலை நீக்குவதானாலும் உரிமையாளரின் இசைவு வேண்டும் என்பதையும் ஆசிரியையிடம் நினைவூட்டுங்கள். பாடல் முடிந்தவுடன் நிறுத்திவிடாமல், அதை அடுத்து வரும் 'ஆன் ஆர்டினரி கப்பிள்' பாடலையும் ஓடவிடுங்கள். அந்த ஆரவாரம் அடங்கி, கேப்டனும் மரியாவும் மட்டும் மிஞ்சும் அமைதியை அவர் கேட்க வேண்டும்.