பாளை வீட்டுக் குழு: ஷீலா பாடுற மாஸ்

ஷீலா: எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வர்ற ஞாயிறு எங்க ஊர் கொயர் (பாடகர் குழு) பாடுது, யூடியூப்ல நேரலை உண்டு. இங்க சாயங்காலம் நாலு மணி, உங்களுக்கு ராத்திரி ஒன்றரை. முழிச்சிருக்க வேண்டாம், வீடியோ அப்படியே இருக்கும். ஆனா கட்டாயம் கேளுங்க.

கிரேஸ்: ஸ்தோத்திரம் ஷீலா. ஹேண்டலோட மெசையாவா?

ஷீலா: இல்லக்கா. ஏமி பீச்னு இந்த பாஸ்டன்ல இருந்த அம்மா எழுதின மாஸ், அதாவது ஆராதனை வேண்டுதல்கள லத்தீன்ல பாடுற பெரிய பாட்டு. ஈ ஃபிளாட் மேஜர் சுருதி, ஒன்றேகால் மணி நேரம். நாலு சோலோ, கோரஸ், ஆர்கெஸ்ட்ரா, ஆர்கன்.

ராஜன்: சின்ன வயசுலேர்ந்து கொயர்ல நிக்கேன், பேரே கேள்விப்பட்டதில்லயே.

ஷீலா: இங்கயே பல பேருக்குத் தெரியாது அண்ணே. 1892 பிப்ரவரில ஹேண்டல் அண்ட் ஹைடன் சொசைட்டி பாடிச்சு. அது பாஸ்டன்ல 1815ல ஆரம்பிச்ச பாட்டுச் சங்கம். ஒரு பொம்பளை எழுதினத அவங்க மேடையேத்துனது அதான் மொத தடவை. ஏமிக்கு அப்ப 24 வயசு. அதே கச்சேரில பீத்தோவன் கோரல் ஃபேண்டசிக்கு பியானோ வாசிச்சதும் அவங்கதான்.

எபி: அப்புறம் ஏன் சித்தி யாரும் பாடல?

ஷீலா: ஆர்கெஸ்ட்ரா செலவு சின்னக் கொயருக்குத் தாங்காது. பெரிய கொயர்கள் மொசார்ட், பிராம்ஸ்னு போட்டா டிக்கெட் வித்துரும், புதுசா ஒரு பேரப் போட யோசிப்பாங்க. ஆனா எனக்கு இன்னொரு காரணமும் தோணுது. 1885ல, 18 வயசுல கல்யாணம். மாப்பிள்ளை டாக்டர், 24 வயசு மூத்தவர். அதுவரைக்கும் மேடைல பியானோ வாசிச்ச பிள்ளைய, இனி வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு கச்சேரி போதும், அந்தக் காசும் தர்மத்துக்குன்னு ஆக்கிட்டார். எழுதலாம், ஆனா வாத்தியார் வச்சுப் படிக்கக்கூடாது. பெர்லியோஸ் பிரெஞ்சுல எழுதின ஆர்கெஸ்ட்ரா பாடநூல தானே மொழிபெயர்த்துப் படிச்சிருக்காங்க.

கிரேஸ்: பாவம்.

ராஜன்: ஒரு வகைல நல்லதுதான? அந்த டாக்டர் எழுதச் சொன்னதாலதான இந்த மாஸ் வந்துச்சு.

ஷீலா: எழுத நேரம் கெடச்சுது அண்ணே, கேக்க ஆள் கெடைக்கலியே. அவர் 1910ல இறந்தாரு. மறு வருஷமே கப்பலேறி ஐரோப்பா போய், ஜெர்மனில தானே வாசிச்சு, தன் சிம்ஃபனியையும் அங்க கேக்க வச்சாங்க. அத மொதல்லயே செய்ய விட்டிருந்தா இந்த மாஸ் இப்படி தூங்கியிருக்காதுன்னு நெனைக்கேன். ஸ்கோர் (நோட்ஸ் புத்தகம்) அட்டைல கூட புருஷன் பேர வச்சு ‘மிஸஸ் எச். எச். ஏ. பீச்’னுதான் போட்டிருக்கு.

எபி: இப்பவாச்சும் பேர் இருக்கா அங்க?

ஷீலா: இருக்கு எபி. பாஸ்டன்ல சார்ல்ஸ் ஆத்தங்கரைல ஹேட்ச் ஷெல்னு திறந்தவெளி மேடை, சுத்தி இசையமைப்பாளர்கள் பேர் பொறிச்சிருக்கும். 2000ல ஏமி பேரையும் சேத்தாங்க. அங்க இருக்க ஒரே பொம்பளைப் பேர் அதான்.

கிரேஸ்: லத்தீன்ல பாடி என்ன புரியும்? உனக்கு மனசு ஒட்டுதா?

ஷீலா: நம்ம திருவிருந்து ஆராதனை முறைமைதான்க்கா. கர்த்தாவே இரங்கும், உன்னதத்தில் மகிமை, நிசேயா விசுவாசப் பிரமாணம், பரிசுத்தர் பரிசுத்தர், தேவ ஆட்டுக்குட்டி. எந்த இடத்துல என்ன வேண்டுதல்னு நமக்கு மனப்பாடம். என் வரிசைல பாதிப் பேர் கோயிலுக்கே போறதில்ல, அவங்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுக்கேன்.

ராஜன்: நோட்ஸ் பாத்தே பாடிருதியா?

ஷீலா: எங்க! அப்பா சொல்லிக் கொடுத்த சோல்ஃபாதான் காப்பாத்துது. என் ஆல்டோ (பொம்பளைங்க கீழ்க்குரல்) வரிக்கு மேல பென்சில்ல டோ ரே மீ எழுதி வச்சிருக்கேன். ஏமி பீச் கீய, அதாவது சுருதிய, அடிக்கடி மாத்துவாங்க. மாறுற எடத்துல ஒரே சுரத்துக்கு பழைய கீல ஒரு பேர், புது கீல ஒரு பேர், ரெண்டையும் சேத்து எழுதிக்கிடணும். பக்கத்துல நிக்க அம்மா பாத்துட்டு, இது என்ன சங்கேத எழுத்தான்னு கேட்டாங்க. இப்ப அவங்களும் எழுதுதாங்க.

கிரேஸ்: அப்பா இருந்திருந்தா ராத்திரி ஒன்றரைக்கு எல்லாரையும் எழுப்பி உக்கார வச்சிருப்பாரு.

ஷீலா: ஆமாக்கா. ஒரு நீண்ட சுரம் வருது, எல்லாரும் ஒரே நேரத்துல மூச்செடுத்தா அறுந்துரும். ‘பக்கத்தாள் எடுக்கும்போது நீ எடுக்காத’ன்னு அப்பா அதட்டுவாங்கல்ல, அதத்தான் இங்க கண்டக்டரும் சொல்லுதார்.

ராஜன்: ஷீலா, ஸ்கோர் கெடைக்குமா?

ஷீலா: கெடைக்கும் அண்ணே. பியானோவோட உள்ள பதிப்பு 1890லயே அச்சாயிட்டு, காப்புரிமை எப்பவோ முடிஞ்சுது. முழுசும் வேணுமா?

ராஜன்: கீரியே, அதான் ‘கர்த்தாவே இரங்கும்’ பகுதி, மட்டும் போதும். லெந்து (தபசு) காலத்துக்கு எடுத்துப் பாப்போம். ஆர்கன் இருக்கு, சோப்ரனோ பிரச்சினையில்ல. டெனருக்குத்தான் (ஆம்பளைங்க மேல்குரல்) ஆள் கம்மி.

எபி: மாமா நான் லீவுக்கு வர்றப்ப டெனர்ல நிக்கிறேன்.

ராஜன்: பிராக்டிசுக்கு யார் வருவா? லீவுக்கு வந்து நின்னா ஆச்சா?

எபி: ஆடியோ அனுப்புங்க, சென்னைல இருந்தே படிச்சிட்டு வர்றேன்.

ஷீலா: கச்சேரி முடியட்டும் அண்ணே. டெனர் வரிய மொதல்ல சோல்ஃபால எழுதி அனுப்புதேன்.