ஒன்பது வயதுப் பெண்ணை வளர்ப்புப் பராமரிப்பில் எடுக்கலாமா? கடலூர், பாண்டி நண்பர்கள் சொல்லுங்கள்

பண்ருட்டி டீச்சர்:
வணக்கம். என் தங்கைக்காகக் கேட்கிறேன். அவளும் அவள் வீட்டுக்காரரும் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறார்கள், இரண்டு பேருக்கும் நாற்பதைத் தாண்டிவிட்டது, குழந்தை இல்லை. தத்துக்காக காராவில் (தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) பதிந்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். இப்போது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஒருவர், கைக்குழந்தைக்கே காத்திருக்காமல் ஃபாஸ்டர் கேர் என்கிற வளர்ப்புப் பராமரிப்பையும் (தத்தெடுக்காமல் ஒரு பிள்ளையை நம் வீட்டில் வைத்து வளர்ப்பது) யோசியுங்கள் என்று சொல்லி, குழந்தைகள் இல்லத்தில் இருக்கும் ஒரு ஒன்பது வயதுப் பெண்ணைப் பற்றிப் பேச்சு எடுத்திருக்கிறார். அப்பா இறந்துவிட்டார், அம்மா வேறு கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டார், எப்போதாவது வந்து பார்ப்பாராம். அம்மா உரிமையை விட்டுக்கொடுக்காததால் இப்போதைக்குத் தத்து கிடையாது. தங்கைக்கு ஆசை, அவள் மாமியாருக்கு ஒரே பயம், எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கெடிலக்கரை:
டீச்சர், நேராகவே சொல்லிவிடுகிறேன், வேண்டாம். தத்து என்றால் உன் பிள்ளை என் பிள்ளை என்ற பேச்சே இல்லை, சொத்தும் பேரும் எல்லாம் அந்தப் பிள்ளைக்கு. இது அப்படியா? நாளைக்கு அம்மாக்காரி வந்து கேட்டால், பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழு ஒரு உத்தரவு போட்டால், அனுப்பித்தானே ஆக வேண்டும். உங்கள் தங்கை மனசு என்ன ஆகும் என்பது ஒருபக்கம் இருக்கட்டும், அந்தப் பிள்ளை ஏற்கெனவே ஒரு தடவை கைவிடப்பட்டது, இரண்டாவது தடவை அனுப்பினால் அதன் பிறகு யாரை நம்பும்? பாதி உறவு கொடுப்பதைவிடக் கொடுக்காமலே இருக்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஆஸ்பத்திரியில் தெரிந்தவர் மூலமாகவே கைக்குழந்தையை வாங்கி வளர்த்தார்கள், பத்து வருடம் ஆயிற்று, நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

பாண்டி வக்கீல்:
கடைசி வரியை யாரும் பின்பற்றிவிட வேண்டாம், அதற்காகவே எழுதுகிறேன். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 80: முறைப்படி இல்லாமல் குழந்தையை வாங்கினாலோ கொடுத்தாலோ 3 வருடம் வரை சிறை அல்லது 1 லட்சம் அபராதம் அல்லது இரண்டும். பணம் கைமாறினால் பிரிவு 81, அது 5 வருடம் வரை கடுங்காவல். பத்து வருடம் நன்றாக இருந்தவர்களுக்கும் பிறப்புச் சான்று, பாஸ்போர்ட், சொத்து என்று ஏதோ ஒரு இடத்தில் சிக்கல் வரும், அப்போது முதலில் அடிபடுவது அந்தப் பிள்ளைதான்.

நெய்வேலி அக்கா:
டீச்சர், நான் ஒரு தன்னார்வ அமைப்பில் இந்த வேலையைத்தான் பார்க்கிறேன், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கைக்குழந்தை விஷயம். தம்பதியின் வயதைக் கூட்டினால் 85க்கு மேல் போகக் கூடாது, போனால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை கிடைக்காது. உங்கள் தங்கைக்கு அந்த வாசல் கிட்டத்தட்ட மூடும் நேரம். வளர்க்க முடியாத பச்சைக் குழந்தையை அரசிடம் விட்டுச் செல்லும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கியது, 2011இல் நம் கடலூர் மாவட்டத்துக்கும் வந்தது, அப்படி வரும் பச்சைக் குழந்தைக்கு நாடு முழுக்க ஆயிரக்கணக்கான தம்பதிகள் வரிசையில் நிற்கிறார்கள். ஆறு வயதைத் தாண்டி இல்லத்தில் இருக்கும் பிள்ளைக்கு வரிசையே கிடையாது. வளர்ப்புப் பராமரிப்பு பெரும்பாலும் அந்தப் பிள்ளைகளுக்காகத்தான்.

கெடிலக்கரை சார் சொல்லும் பயம் நியாயமானது, ஆனால் முழுக்க அப்படி இல்லை. 2024இல் மத்திய அரசு வழிகாட்டு நெறிகளைத் திருத்தியது. பிள்ளை சட்டப்படி தத்துக்குத் தகுதி பெற்றுவிட்டால், இரண்டு வருடம் வளர்த்த குடும்பமே தத்தெடுக்கலாம், முன்பு அது ஐந்து வருடம். தனியாக வாழ்பவர்களும் 35 வயதிலிருந்து 60 வரை இதில் வரலாம், ஆனால் தனி ஆண் என்றால் ஆண் பிள்ளை மட்டும். மாதம் 4000 ரூபாய் மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் வரும். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள், இந்தப் பிள்ளைதான் வேண்டும் என்று நாம் குறித்துக் கேட்க முடியாது, எந்தப் பிள்ளை எந்தக் குடும்பத்துக்குப் பொருந்தும் என்று பார்ப்பது அவர்கள் வேலை.

வடலூரான்:
அக்கா, அந்த 4000 ரூபாயைப் பற்றித்தான் எனக்குக் கேள்வி. அதே மிஷன் வாத்சல்யாவில் நிதி ஆதரவுத் திட்டம் என்று ஒன்று இருக்கிறதே, விதவைத் தாய்க்கும், கைவிடப்பட்ட தாய்க்கும், பேரப்பிள்ளையை வளர்க்கும் பாட்டிக்கும் அதே 4000 கிடைக்குமே. வருட வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற ஊர்களில் 96,000க்குள் இருந்தால் போதும். இந்த அம்மா மறுகல்யாணம் செய்துகொண்டார் என்கிறீர்கள், ஏன் செய்துகொண்டார், புருஷன் செத்த பிறகு கையில் மாதம் எவ்வளவு இருந்தது என்று யாராவது கேட்டார்களா? முந்திரிக் கொட்டை உடைத்துப் பிழைக்கும் பெண்ணுக்கு இரண்டு பிள்ளையை வைத்துச் சோறு போட முடியாமல் கொண்டுபோய் இல்லத்தில் விட்டால் அது கைவிட்டதா? நம் ஊர் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள். படிப்புக்காக, வறுமைக்காக விட்டவர்கள்.

முதலில் பெற்றவள் வீட்டை நிமிர்த்துங்கள். அது முடியாது என்று தெரிந்த பிறகு அடுத்தவர் வீடு. என் எதிர்ப்பு வளர்ப்புப் பெற்றோர் மேல் இல்லை, இந்த வரிசை மாறிப்போவதன் மேல்தான்.

நெய்வேலி அக்கா:
தம்பி, வரிசையில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை, சட்டமும் குடும்பத்தைத்தான் முதலில் சொல்கிறது. ஆனால் நடைமுறையில் அம்மா வருவார், வருவார் என்று ஆறு வயதிலிருந்து பதினெட்டு வரை இல்லத்திலேயே கிடக்கும் பிள்ளைகளை நான் பார்க்கிறேன். ருமேனியாவில் 2000இல் ஒரு ஆராய்ச்சி தொடங்கினார்கள், இல்லங்களில் இருந்த 136 சின்னஞ்சிறு குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் அறிவிலும் ஒட்டுதலிலும் முன்னால் போனார்கள், அதிலும் இரண்டு வயதுக்கு முன்னால் போனவர்களுக்குப் பலன் கூடுதல். காத்திருப்புக்கும் விலை உண்டு, அதைப் பிள்ளைதான் கொடுக்கிறது.

வடலூரான்:
அது சின்னஞ்சிறு குழந்தைகள் அக்கா, அங்கே அந்தக் குடும்பங்களுக்குப் பின்னால் சமூகப் பணியாளர்கள் விடாமல் நின்றார்கள். இங்கே ஒன்பது வயது, பின்னால் நிற்பது யார்? ஒரு மாவட்டத்துக்கே விரல் விட்டு எண்ணும் அளவு ஆட்கள், அவர்கள் தலையில் போக்சோ, குழந்தைத் திருமணம், குழந்தைத் தொழிலாளர் எல்லாம். வளர்ப்புக் குடும்பத்தை மாதம் ஒருமுறை குழு பார்வையிட வேண்டும் என்று பிரிவு 44 சொல்கிறது. மாதாமாதம் யார் போகிறார்கள்?

தேவனாம்பட்டினம் பையன்:
நான் இல்லத்தில் வளர்ந்தவன். 2004 டிசம்பர் 26 எங்கள் தெருவுக்கு என்ன செய்தது என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுனாமிப் பிள்ளைகளுக்கென்று அரசே இல்லம் திறந்தது, சாப்பாடு, படிப்பு, துணி எதிலும் குறை வைக்கவில்லை, நான் இன்று வேலையில் இருப்பதற்கு அதுதான் காரணம், அதைக் குறைவாகச் சொல்ல மாட்டேன்.

ஆனால் இல்லம் என்றால் என்ன என்று இங்கே பேசுகிறவர்களுக்குத் தெரியவில்லை. வாரத்துக்கு இரண்டு குடும்பம் பிறந்தநாள் சாப்பாடு போட வரும். நாங்கள் வரிசையில் உட்கார்ந்து முன்பின் தெரியாத ஒரு பிள்ளைக்கு ஹேப்பி பர்த்டே பாட வேண்டும், கேக் வெட்டுவார்கள், எங்களோடு போட்டோ எடுப்பார்கள், போய்விடுவார்கள். வார்டன் நல்லவர், மாற்றலில் போவார். அடுத்தவர் வருவார், அவரும் நல்லவர், அவரும் போவார். பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்கு யார் வருவார் என்பது அன்று காலை வரை தெரியாது. கெடிலக்கரை அண்ணே, பாதி உறவு வேண்டாம் என்கிறீர்கள், எங்களுக்கு அந்தப் பாதியும் கிடைக்கவில்லை. ஒரே ஆள் இரண்டு வருடம், மூன்று வருடம் என் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டிருந்தால் அதை நான் பாதி என்று சொல்லியிருக்க மாட்டேன்.

அதே மூச்சில் இன்னொன்றும் சொல்கிறேன், நெய்வேலி அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது. எங்களோடு இருந்த ஒரு பெண்ணைச் சொந்தக்காரர் என்று ஒருவர் பொறுப்பேற்று அழைத்துப் போனார். போன இடத்தில் அவள் பாத்திரம் தேய்த்தாள், அவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றாள், படிப்பு எட்டோடு போயிற்று. ஒன்பது வயதுப் பெண்ணை வீட்டுக்கு அழைக்கிறார்கள் என்றால் எனக்கு முதலில் வருவது அந்தச் சந்தேகம்தான். பார்வையிட ஆள் இல்லாமல் இந்தத் திட்டத்தைப் பெருக்கினால் சம்பளமில்லாத வேலைக்காரப் பிள்ளைகள் பெருகும்.

கெடிலக்கரை:
தம்பி, உன் எழுத்தை மரியாதையோடு படித்தேன். ஆனால் நீ சொன்ன இரண்டாவது பத்தி என் பக்கம்தான் நிற்கிறது. உரிமை முழுசாக வந்தால்தான் பொறுப்பும் முழுசாக வரும். அரைகுறை உரிமையில் வளர்க்கும் வீட்டில் சொந்தப் பிள்ளை ஒன்று பிறந்துவிட்டால் இந்தப் பிள்ளை எங்கே நிற்கும்?

தேவனாம்பட்டினம் பையன்:
உரிமை முழுசாக இருந்த பெற்றவர்களே விட்டுவிட்டுப் போன பிள்ளைகளும் நாங்களும்தானே அண்ணே சேர்ந்து படுத்துக் கிடந்தோம். பத்திரம் பிள்ளையைக் காப்பாற்றாது. யார் வந்து எட்டிப் பார்க்கிறார்கள் என்பதுதான் காப்பாற்றும். ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர், குழந்தைகள் உதவி எண் 1098க்கு ஒரு போன் அடிக்கத் துணியும் ஆள்.

பாண்டி வக்கீல்:
ஒரு கேள்வி டீச்சர். வடலூரான் போகிற போக்கில் “இரண்டு பிள்ளை” என்று எழுதினார், அது அவராகச் சொன்னது. ஆனால் நிஜமாகவே அந்தப் பெண்ணுக்கு உடன்பிறப்பு உண்டா? பிரிவு 44 உடன்பிறந்தவர்களை முடிந்தவரை சேர்த்தே வைக்கச் சொல்கிறது. பெண்கள் இல்லம், ஆண்கள் இல்லம் தனித்தனி என்பதால் அண்ணன் தங்கை அக்கா தம்பி பிரிந்துபோவது சாதாரணமாக நடக்கிறது, கோப்பிலும் தனித்தனியாகவே நகரும். ஒருவர் நம்ம பாண்டியில் இருந்தால் இன்னும் சிக்கல், இருபது கிலோமீட்டர்தான் என்றாலும் குழு வேறு, அரசே வேறு.

பண்ருட்டி டீச்சர்:
கேட்டுவிட்டேன். ஒரு தம்பி இருக்கிறான், ஆறு வயது, ஆண் பிள்ளைகள் இல்லத்தில். அலகில் பேசியவர் அதைச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. விசேஷ நாளில் மட்டும் இருவரையும் பார்க்கவைப்பார்களாம், அவள் தனக்குக் கொடுத்த பிஸ்கட்டை எல்லாம் ஒரு பையில் சேர்த்துவைத்து அன்றைக்குக் கொண்டுபோவாளாம். என் தங்கை போனில் ஐந்து நிமிடம் பேசவே இல்லை. அப்புறம் “இரண்டு பேருமா?” என்றாள். வீட்டுக்காரர் தனியார் பஸ்ஸில் கண்டக்டர், வாடகை வீடு, இரண்டு ரூம்.

நெய்வேலி அக்கா:
இரண்டு பிள்ளைக்கும் தனித்தனியாக 4000 உண்டு. வாடகை வீடு தடை இல்லை, வீட்டு ஆய்வில் வருமானம், உடல்நலம், வீட்டில் இருக்கும் மற்றவர்கள் மனநிலை எல்லாம் பார்ப்பார்கள், மாமியாரிடமும் பேசுவார்கள். அதனால் மாமியாரை ஒதுக்கிவைத்துவிட்டு முடிவெடுக்காதீர்கள், பகலெல்லாம் பிள்ளைகளோடு இருக்கப்போவது அவர்தான்.

கெடிலக்கரை:
ஒன்றுக்கே யோசிக்கச் சொன்னேன், இப்போது இரண்டா? ஆசைப்படுவது ஒன்று, பதினாலு வயதில் அவள் கதவைச் சாத்திக்கொண்டு “நீ என்ன என் அம்மாவா” என்று கேட்கும்போது தாங்குவது வேறு. என் கருத்து மாறவில்லை. முடியாது என்று தோன்றினால் இப்போதே சொல்லிவிடுங்கள், கூட்டிவந்த பிறகு சொல்லாதீர்கள்.

வடலூரான்:
நான் திரும்பவும் அந்த அம்மாவிடமே வருகிறேன். அவர் எங்கே இருக்கிறார், புதுப் புருஷன் பிள்ளைகளை ஏற்க மறுக்கிறாரா, அம்மாவைப் பெற்ற பாட்டி யாராவது உண்டா, நிதி ஆதரவு கொடுத்தால் பாட்டி வளர்ப்பாரா. இந்தக் கேள்விகளுக்குச் சமூக விசாரணை அறிக்கையில் பதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பிள்ளைகளை வேறு வீட்டுக்கு அனுப்பும் உத்தரவு அவசரப்பட்டுப் போட்ட உத்தரவு. அறிக்கையை உங்கள் கையில் தர மாட்டார்கள், ஆனால் விசாரித்தீர்களா என்று குழுவிடம் கேட்க உங்கள் தங்கைக்கு வாய் இருக்கிறது. கேட்கச் சொல்லுங்கள் டீச்சர். பாட்டி கிடைத்துவிட்டால் உங்கள் தங்கைக்கு ஏமாற்றம்தான், ஆனால் அதுதான் சரி.

பண்ருட்டி டீச்சர்:
திங்கட்கிழமை மாமியாரையும் அழைத்துக்கொண்டு மூன்று பேரும் போகிறார்கள். தம்பியையும் சேர்த்துத்தான் பேச வேண்டும், பாட்டி இருக்கிறாரா என்று கேட்க வேண்டும், அம்மா வந்து பார்ப்பதை எப்படி முறைப்படுத்துவார்கள் என்று கேட்க வேண்டும். கெடிலக்கரை சார் சொன்ன பதினாலு வயது பற்றி அவர்கள் இரண்டு பேரும் ராத்திரி உட்கார்ந்து பேசினார்களாம். வேறு என்ன கேட்கலாம்?

தேவனாம்பட்டினம் பையன்:
டீச்சர், பள்ளிக்கூடத்தை நடு வருடத்தில் மாற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள், இருக்கிற சிநேகிதிகளும் போய்விடுவார்கள். முதலில் விடுமுறைக்கு இரண்டு நாள் அழைத்துப் போய்ப் பழக முடியுமா என்று குழுவிடம் கேளுங்கள். அவள் பழைய துணி, பெட்டி எதையும் தூக்கிப் போடக் கூடாது, புதுசு வாங்கிக் கொடுத்தாலும் அது அவளிடமே இருக்கட்டும். முதல் மாதம் சொந்தக்காரர்களை வரிசையாக வரவழைத்துப் பார்க்கவைக்காதீர்கள். அம்மா என்று கூப்பிடச் சொல்லிக் கேட்கவும் வேண்டாம், சித்தி என்றோ அத்தை என்றோ எது வருகிறதோ வரட்டும். அப்புறம், குழு முன்னால் உட்காரும்போது “உனக்கு என்ன வேண்டும்” என்று அந்தப் பெண்ணிடம் யாராவது தனியாகக் கேட்டார்களா என்று கேளுங்கள். தம்பியிடமும்.