மண்ணப் பாத்தே பொந்துக்குள்ள யாருன்னு சொல்ற தாத்தா – உங்களுக்கும் இந்த மாதிரி அனுபவம் இருக்கா?

வரப்போரம்:
திருக்கழுக்குன்றம் பக்கம் எங்களுக்கு ஒண்ணரை ஏக்கர் நெல்லு. கதிர் முத்துற நேரம் பாத்து எலி இறங்கிடும், காலைல போனா கத்திரிக்கோல் வெச்சு வெட்டுன மாதிரி தாளு சாஞ்சு கெடக்கும். எங்கப்பா காலத்துலேர்ந்து எலி, பாம்பு புடிக்கிற இருளர் பழங்குடி தாத்தா ஒருத்தர்தான் வர்றாரு, எழுவது தாண்டியிருக்கும், கையில கடப்பாரை தோள்ல சாக்கு அவ்ளோதான். போன தை மாசம் லீவ்ல இருந்ததால நானும் நாள் பூரா அவர் பின்னாடியே சுத்துனேன்.

எனக்கு எல்லாப் பொந்தும் ஒண்ணுதான். அவரு குந்திக்கினு வாய்க்கிட்ட மண்ணக் கிள்ளிப் பாக்குறாரு. புதுமண்ணு பொடிப்பொடியா வெளிய தள்ளியிருந்தா எலி உள்ள கீது. சிலந்தி வலை கட்டியிருந்தா காலி, கடப்பாரையே எடுக்க மாட்டாரு. புதுமண்ணே இல்லாம வாய் மட்டும் தேஞ்சு வழவழன்னு இருந்தா அங்கதான் நிதானம். "எலி வூடு கட்டுது, பாம்பு வாடகை இல்லாம குடி வர்து தம்பி, கைய வுட்றாத"ன்னாரு.

ஒரு வளைக்கு நாலு வழி இருந்துது. மூணை சேறு வெச்சு மிதிச்சு அடைச்சுட்டு, அடியில ஓட்டை போட்ட பழைய பானைல வைக்கோலத் திணிச்சு கொளுத்தி நாலாவது வாயில கவுத்து அந்த ஓட்டைல வாய வெச்சு ஊதுறாரு பாருங்க, அவர் உதட்டுல இருக்குற கருப்புத் தழும்பு எதனாலன்னு அப்பதான் எனக்குப் புரிஞ்சுது, இத்தினி வருஷமா பீடின்னு நெனச்சுட்டு இருந்தேன். பத்தடி தள்ளி வரப்புல நூலு மாதிரி புகை கசியுது, அது எங்க கண்ணுல படாத அஞ்சாவது வழி, "மிதி மிதி"ன்னு கத்துனாரு, ஓடிப் போயி மிதிச்சேன். தோண்டுனா பதினோரு எலி, உள்ள ஒரு அறை நெறைய கதிரு. கதிரும் அவருக்கு எலியும் அவருக்கு, அதுதான் கூலின்னு பழக்கம். எங்க நெல்ல எங்களுக்கே காப்பாத்திக் குடுத்துட்டு எலி திருடுனத கூலியா வாங்கிட்டுப் போறாருன்னு யோசிச்சப்ப ஒரு மாதிரி இருந்துச்சு, இப்ப தனியா காசும் குடுக்குறோம்.

எலி மருந்து வெச்சா என்னன்னு கேட்டதுக்கு செம திட்டு. "மருந்து தின்ன எலிய ஆந்த தின்னும், அதுவும் சாவும். அப்பால அடுத்த வருசம் எலிய யாரு புடிப்பா, நீயா?" சாரைப்பாம்ப அடிக்கிறவன கண்டா அவருக்கு ஆகவே ஆகாது.

ஈசிஆர் அக்கா:
படிச்சதும் எங்க ஏரியா ஞாபகம் வந்துடுச்சு. வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் இருக்குல்ல, 1978ல ஆரம்பிச்சது. அதுக்கு முன்னாடி தோலுக்குத்தான் பாம்பு புடிச்சாங்க, வன உயிர் பாதுகாப்புச் சட்டம் வந்து தோல் வியாபாரம் படுத்ததும் பொழப்பே போச்சு, அப்புறம்தான் விஷம் எடுக்குற வேலை. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலும் மண்பானைல துணி கட்டி வரிசையா வெச்சிருப்பாங்க, சில வாரம் வெச்சு விஷம் எடுத்துட்டு திரும்பக் காட்டுலயே விட்டுருவாங்க. ஆஸ்பத்திரில போடுற பாம்புக்கடி ஊசி மருந்துக்கு இந்த விஷம்தான் மூலம். இவங்க ஆளுங்கதான் வடிவேல் கோபால், மாசி சடையன் ரெண்டு பேரும், 2017ல ஃபுளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு தேடிக் குடுத்தாங்க, 2023ல பத்மஸ்ரீ.

அங்க ஒரு பெரியவர்கிட்ட எந்தப் பாம்புக்கு நீங்க பயப்படுவீங்கன்னு கேட்டேன். நல்ல பாம்புன்னு சொல்வாருன்னு பாத்தா, "கட்டு விரியன் தாயி. நல்லது படம் எடுத்து சொல்லிடும், கண்ணாடி குக்கரு மாதிரி சீறும். இது ராத்திரில வந்து தூங்கறவன கடிச்சுட்டுப் போவும், எறும்புன்னு நெனச்சு திரும்பிப் படுத்துப்பான்". தரையில படுத்தா கொசுவலைய பாய்க்கு அடியில நல்லா செருகிட்டுப் படுங்கன்னாரு. அன்னிலேர்ந்து எங்க வீட்ல அதான் ரூல்.

மதுராந்தகத்தான்:
பாம்பு கடிச்சா என்ன பண்ணக்கூடாதுன்னு முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா எங்க சித்தப்பா கால் நல்லா இருந்திருக்கும். அறுப்பு நேரத்துல கண்ணாடி விரியன் கடிச்சுது, எல்லாரும் சேந்து கயித்தால இறுக்கிக் கட்டி, பிளேடால கீறி, மந்திரிக்கிறவர்கிட்ட தூக்கிட்டுப் போய் ரெண்டு மணி நேரம் வேஸ்ட். உயிர் பொழைச்சார், ஆனா இன்னும் நொண்டுறார். அப்புறம் பாம்பு புடிக்க வந்த இருளர் ஒருத்தர் கேட்டுட்டு தலைல அடிச்சுக்கிட்டாரு, "எங்களுக்கும் பச்சிலை தெரியும் தம்பி, ஆனா என் புள்ளைய கடிச்சா நான் ஜிஹெச்சுக்குதான் தூக்கினு ஓடுவேன்"னு. கட்டாதீங்க, கீறாதீங்க, கடிபட்டவர நடக்க விடாதீங்க, 108க்கு போன் அடிங்க.

சிட்டி பையன்:
சூப்பர் அண்ணா. அந்த தாத்தா முயல் வேட்டைக்கு கூட்டிட்டுப் போவாரா? நம்பர் கெடைக்குமா?

வரப்போரம்:
தம்பி, அந்தப் பேச்சே வேணாம். 1972 வன உயிர் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குத்தம், உடும்பு அதவிடப் பெரிய கேசு. அவரையே ஒருத்தர் உடும்புக்கறி கேட்டு வந்தப்ப, "தின்றது நீ, ஜெயிலுக்கு நானா"ன்னு தொரத்தி வுட்டாரு.

உங்க வயல்ல எலி இருந்தா மட்டும் சொல்லுங்க. போன்லாம் அவர்கிட்ட கெடையாது. காலைல ஆறு மணிக்கு எங்க ஊரு டீக்கடை சுவத்துல கடப்பாரை சாஞ்சிருந்தா உள்ள டீ குடிச்சினு இருக்காருன்னு அர்த்தம். இல்லன்னா ஏற்கனவே யாரோ கூட்டிட்டுப் போயிட்டாங்க, மறுநாள் வாங்க.