உதவி: அப்பாவின் பழைய கம்ப்யூட்டரில் எந்தத் தளமும் திறக்கவில்லை, கடையில் மட்டும் ஓடுகிறது

காவேரிக்கரை:
வணக்கம். கொஞ்சம் அவசரம். அப்பாவின் கம்ப்யூட்டரில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பானது இல்லை என்று எச்சரிக்கைப் பக்கம் வந்து நிற்கிறது. பேப்பர் படிக்க முடியவில்லை, மெயில் இல்லை, யூடியூப் இல்லை. கடையில் கொடுத்து விண்டோஸ் புதிதாகப் போட்டு வாங்கினோம். அங்கே ஜம்மென்று ஓடியது, நானே பார்த்தேன். வீட்டுக்கு எடுத்து வந்து மாட்டினால் மறுபடி அதே கதை. அதே வைஃபையில் என் போனில் எல்லாம் திறக்கிறது. புதிதாக வாங்கித் தருகிறேன் என்றால் அப்பா வேண்டவே வேண்டாம் என்கிறார். ஞாயிறு இரவு நான் ஊருக்குக் கிளம்ப வேண்டும், அதற்குள் வழி உண்டா?

வைஃபைவாசி:
கடையில் ஓடுகிறது, வீட்டில் ஓடவில்லை என்றால் கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை, உங்கள் வீட்டு இணைப்பில். ரூட்டரை ஒருமுறை ரீசெட் செய்யுங்கள். அப்புறம் நெட்வொர்க் செட்டிங்கில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை வைத்து அதன் எண் முகவரியைத் தேடித் தரும் சேவை) முகவரியை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றுங்கள். பத்தில் ஒன்பது பேருக்கு இதிலேயே சரியாகிவிடும்.

இரும்புக்கடை:
என்ன கம்ப்யூட்டர், எந்த விண்டோஸ், ரேம் எவ்வளவு, எந்த பிரவுசர்? ஒன்றுமே சொல்லாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? பழைய மெஷின் என்றால் ரேமைக் கழற்றி, தங்கநிறக் கால்களை அழிரப்பரால் துடைத்து மாட்டிப் பாருங்கள். பாதிப் பிரச்சினைகள் அங்கேதான்.

மூத்தகுடி:
இந்தக் கேள்வி இங்கே பலமுறை வந்துவிட்டது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. அநேகமாக விண்டோஸ் 7 ஆக இருக்கும். மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டது 2020 ஜனவரி 14. இத்தனை வருஷம் கழித்து அதில் இணையம் வரவில்லை என்றால் அதில் வியக்க என்ன இருக்கிறது? ஆதரவு முடிந்த சிஸ்டத்தை இணையத்தில் இணைக்கவே கூடாது. அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள் தம்பி.

காவேரிக்கரை:
விண்டோஸ் 7தான். குரோம். பென்டியம் டூயல் கோர். ரேம் 2 ஜிபி. ரூட்டர் ரீசெட், டிஎன்எஸ் இரண்டும் செய்தாயிற்று, மாற்றமில்லை. ஒரு விநோதம்: அப்பா தினமும் பார்க்கும் பஞ்சாங்கத் தளம் ஒன்று மட்டும் நன்றாகத் திறக்கிறது. மற்ற எதுவும் இல்லை.

குறுக்குவழி:
எச்சரிக்கைப் பக்கத்தில் கீழே "மேம்பட்டவை" என்று இருக்கும். அதைத் தட்டி, பரவாயில்லை தொடர்க என்று கொடுங்கள். உள்ளே போய்விடலாம். நான் அப்படித்தான் போகிறேன்.

பழுதுபார்ப்பவன்:
குறுக்குவழி சார், தயவுசெய்து இதை யாருக்கும் சொல்லாதீர்கள். வயதானவர் எச்சரிக்கையைத் தாண்டிப் போகப் பழகிவிட்டால், நாளை நிஜமாகவே போலித் தளம் வந்தாலும் அதே பட்டனைத்தான் தட்டுவார். பெரிய தளங்கள் பலவற்றில் அந்தத் தொடர்க வழியே வராது என்பது வேறு.

காவேரிக்கரை தம்பி, பஞ்சாங்கத் தளம் மட்டும் திறக்கிறது என்றீர்களே, அதன் முகவரி முன்னால் எச்டிடிபி மட்டும் இருக்கிறதா, எஸ் இல்லாமல்? அப்படியென்றால் மூன்று கேள்வி:

திரையின் வலது மூலையில் என்ன தேதி காட்டுகிறது?
கம்ப்யூட்டர் போடும்போது கறுப்புத் திரையில் ஏதாவது எழுத்து வந்து நிற்கிறதா?
அப்பா ராத்திரி சுவர் சுவிட்சையும் அணைத்துவிடுவாரா?

இரும்புக்கடை:
சுவர் சுவிட்சுக்கும் குரோமுக்கும் என்ன சம்பந்தம்? 2 ஜிபி ரேமில் இன்றைய குரோம் ஓடாது என்பதுதான் விஷயம். நாலு டேப் திறந்தால் ஹார்டு டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும்.

காவேரிக்கரை:
ஆமாம் அண்ணா, எஸ் இல்லை. தேதி 2009 ஜனவரி 1 காட்டுகிறது. போட்டதும் கறுப்புத் திரையில் சிமாஸ் ஏதோ என்று வந்து, எஃப்1 தட்டச் சொல்லும். அப்பா தட்டுவார், ஓடும். ரொம்ப நாளாக அப்படித்தான், அது வழக்கம் என்று நினைத்தோம். படுக்கப் போகும் முன் அப்பா வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிடுவார்.

பழுதுபார்ப்பவன்:
அப்படியென்றால் புதுசும் வாங்க வேண்டாம், விண்டோஸும் மாற்ற வேண்டாம். மதர்போர்டில் இருக்கும் பேட்டரி செத்துவிட்டது. கரண்ட் இல்லாதபோது கம்ப்யூட்டரின் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். சிமாஸ் என்று வந்து எஃப்1 கேட்பதும் அதனால்தான்.

எஸ் போட்ட தளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழைக் காட்டும். அதில் எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை செல்லும் என்று இருக்கும். பல தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட்டின் சான்றிதழ்கள் வழக்கமாக 90 நாள்தான் செல்லும். பிரவுசர் அதைக் கம்ப்யூட்டரின் தேதியோடு ஒப்பிடும். உங்கள் கம்ப்யூட்டர் 2009இல் நிற்கிறது. அதன் கணக்கில் இன்றைய சான்றிதழ் எல்லாம் இன்னும் செல்லுபடியாகத் தொடங்காதவை. பஞ்சாங்கத் தளத்தில் சான்றிதழே இல்லை, அதனால் அது திறக்கிறது.

கடையில் ஓடியது எப்படி? விண்டோஸ் போட்டவர் தேதியையும் சரியாக வைத்திருப்பார். சுவரில் கரண்ட் இருக்கும்வரை, கம்ப்யூட்டரை அணைத்திருந்தாலும் பவர் சப்ளையிலிருந்து ஒரு சின்ன மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும், கடிகாரம் அதில் ஓடும். வயரைப் பிடுங்கி வண்டியில் வைத்த நொடியில் தேதி போயிற்று. வீட்டிலும் தினமும் ராத்திரி அதுதான் நடக்கிறது. அப்பா செய்வதில் தப்பே இல்லை, சுவிட்சை அணைப்பது நல்ல பழக்கம்.

விண்டோஸ் தானாக இணையத்தில் நேரம் பார்த்துத் திருத்திக்கொள்ளாதா என்று கேட்பீர்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் போனால் அது தானாகத் திருத்தாது, அமைப்பே அப்படி.

செய்ய வேண்டியது: சிஆர்2032 என்று கேளுங்கள். வாட்ச் கடையிலேயே கிடைக்கும். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம், அதைத்தான் அந்த எண் சொல்கிறது. சுவர் வயரைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைச் சில நொடி அழுத்துங்கள். பக்கத்து மூடியைத் திறந்தால் ஒரு ரூபாய் நாணயம் போல வட்டமாகத் தெரியும். ஓரத்தில் இருக்கும் உலோக நாக்கை நகத்தால் வெளிப்பக்கம் தள்ளினால் பேட்டரி தானே எழும்பும். நெம்பி எடுக்காதீர்கள், நாக்கு வளைந்தால் புதுசு நிற்காது. எழுத்துள்ள பக்கம், கூட்டல் குறி மேலே வரும்படி வையுங்கள்.

அப்புறம் போட்டதும் டெலீட் பட்டனைத் தட்டி பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அமைப்புத் திரை) போய்த் தேதி, நேரம் மட்டும் வைத்து, எஃப்10 கொடுத்துச் சேமியுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். முக்கியமாக சாட்டா (ஹார்டு டிஸ்க் இணைப்பு) என்று இருக்கும் அமைப்பை. இப்போதுள்ள நிலையில்தான் கடைக்காரர் விண்டோஸ் போட்டிருக்கிறார், அதை மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும்.

மூத்தகுடி:
பேட்டரி சரி. நான் சொன்னது மாறவில்லை. தேதியைத் திருத்தினாலும் அது விண்டோஸ் 7தான். குரோம் அதற்குக் கடைசியாகத் தந்தது 109, 2023 ஜனவரியில். 110இலிருந்து விண்டோஸ் 10 வேண்டும். இந்தக் குரோமில் அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகள் எல்லாம் திறந்தே கிடக்கின்றன. பேங்க் கணக்கு, யுபிஐ, ஆதார் எதையும் அதில் தொடாதீர்கள். போனில் செய்யுங்கள். இதைச் சொல்வதற்காக என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

பழுதுபார்ப்பவன்:
இதில் மூத்தகுடி சார் சொல்வதுதான் சரி, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பேப்பர் படிக்கவும் வீடியோ பார்க்கவும் குரோமை விட்டுவிட்டு ஃபயர்பாக்ஸ் ஈஎஸ்ஆர் 115 (நீண்டகால ஆதரவுள்ள பதிப்பு) போடுங்கள். 2023இல் வந்த வரிசை. விண்டோஸ் 7க்காக மொசில்லா அதன் கெடுவைப் பலமுறை நீட்டியது. அந்த வரிசையின் கடைசிப் பதிப்பை மொசில்லா தளத்திலிருந்தே எடுங்கள். பென்டிரைவில் கிடக்கும் பழைய ஃபயர்பாக்ஸ் வேண்டாம். 115.13க்கு முந்தையதில் ஒரு மூலச் சான்றிதழ் 2025 மார்ச் 14இல் காலாவதியாகிவிட்டது, ஆட்-ஆன்கள் (பிரவுசரில் சேர்க்கும் சிறு கருவிகள்) வேலை செய்யாது.

ஆட்-ஆன் என்றதும் சொல்கிறேன், யூபிளாக் ஆரிஜின் ஒன்று போடுங்கள். 2 ஜிபி மெஷினில் விளம்பரத்தை நிறுத்துவதே பெரிய விடுதலை. யூடியூப் திக்கினால் எச்264ஃபை என்ற ஆட்-ஆனும், 480பி தரமும். யூடியூப் வழக்கமாக அனுப்பும் விபி9 வடிவத்தை அந்தக் காலத்து கிராஃபிக்ஸ் தானாக விரிக்காது, பாரம் முழுவதும் பிராசசர் தலையில் விழும். எச்.264 அதற்குக் கொஞ்சம் இலேசு.

பென்குயின்பித்தன்:
ஏன் இவ்வளவு ஒட்டுப்போடும் வேலை? விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச சிஸ்டத்தின் இலேசான பதிப்பு எக்ஸ்எஃப்சிஈ போடுங்கள். 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை அப்டேட் உண்டு. 2 ஜிபியில் ஓடும், 4 இருந்தால் நிம்மதி. பேங்க் வேலையும் பயமின்றிச் செய்யலாம். பென்டிரைவிலிருந்து போட்டுப் பாருங்கள், எதையும் அழிக்காமலே சோதிக்கலாம்.

இரும்புக்கடை:
4 ஜிபி என்றால் அது டிடிஆர்2வா டிடிஆர்3யா என்று முதலில் பார்க்க வேண்டும். ஜி31 சிப்செட் போர்டு என்றால் டிடிஆர்2, அதிகபட்சம் 4 ஜிபி. சென்னைப் பக்கம் வருபவர்கள் இருந்தால் ரிச்சி தெருவில் பழைய ரேம் கிடைக்கும். ஆனால் என்னைக் கேட்டால் முதல் செலவு ஹார்டு டிஸ்குக்குப் பதில் போடும் எஸ்எஸ்டிதான். பழைய சாட்டா 2இல் அதன் முழு வேகம் வராது, ஆனாலும் ஹார்டு டிஸ்க் அதன் பக்கத்திலேயே நிற்க முடியாது.

காவேரிக்கரை:
லினக்ஸ் போட்டால் தமிழ் டைப் செய்ய முடியுமா? அப்பா அந்தக் கம்ப்யூட்டரில்தான் கடிதம், சங்கத்து நோட்டீஸ் எல்லாம் அடிப்பார். யூனிகோடு இல்லாத பழைய பாமினி ஃபாண்டில் ஃபைல்கள் நிறைய.

பென்குயின்பித்தன்:
தாராளமாக. ஐபஸ் (லினக்ஸில் விசைப்பலகை முறையை மாற்றும் கருவி) போட்டு எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை வந்துவிடும். பாமினி ஃபாண்டைக் காப்பி செய்து போட்டால் பழைய ஃபைலும் திறக்கும். இந்தச் சாக்கில் அப்பாவைத் தமிழ்99க்கு மாற்றிவிடுங்கள். 1999இல் சென்னை மாநாட்டுக்குப் பின் அரசே ஏற்றுக்கொண்ட முறை. இடது கையில் உயிர், வலது கையில் மெய், ஒரே மெய்யை இருமுறை தட்டினால் புள்ளி தானே விழும். இதைவிட அறிவான விசைப்பலகை தமிழுக்கு இல்லை.

தட்டச்சுஅக்கா:
அதை இப்போது கற்கிறவர்களுக்குச் சொல்லுங்கள் தம்பி. காவேரிக்கரை, அப்பா டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவரா? ஒற்றைக்கொம்பை முதலில் தட்டி அப்புறம் எழுத்தைத் தட்டிப் பழகிய கை அது. நாற்பது வருஷம் அலுவலகத்தில் அப்படித்தான் அடித்தோம். தாளைப் பார்த்துக்கொண்டே விரல் தானாகப் போகும். அதைப் போய் மாற்று என்றால் அவர் அடிப்பதையே விட்டுவிடுவார்.

பென்குயின்பித்தன்:
அக்கா, பழக்கம் என்பதற்காகவே இப்படியே இருந்தால் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு விசைப்பலகைதான் இருக்கும். ஒரு தரம் வேண்டும் என்றுதானே அந்த மாநாடே கூடியது?

தட்டச்சுஅக்கா:
தரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுத்து யூனிகோடில் இருக்கட்டும், அதுதான் தரம். விரல் எந்த வழியில் போனால் என்ன? விண்டோஸில் தமிழ் அடிக்க உதவும் என்எச்எம் ரைட்டர் மென்பொருளில் டைப்ரைட்டர் முறையும் உண்டு, பாமினி முறையும் உண்டு. அவர் இரண்டில் எதில் அடிக்கிறாரோ அதை வைத்துக்கொள்ளட்டும்.

மூத்தகுடி:
தலைப்பை விட்டு எங்கேயோ போய்விட்டீர்கள். தமிழ்99க்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போய்ப் பேசுங்கள்.

வைஃபைவாசி:
டிஎன்எஸ்ஸை அப்படியே 1.1.1.1 என்று விட்டுவிடுங்கள். தேதிக்கு உதவாவிட்டாலும் கெடுதல் இல்லை.

காவேரிக்கரை:
பேட்டரி மாற்றியாயிற்று. ராத்திரி சுவிட்சை அணைத்துக் காலையில் போட்டுப் பார்த்தோம், தேதி நிற்கிறது, எஃப்1 கேட்கவில்லை. ஃபயர்பாக்ஸில் பேப்பர் திறக்கிறது. அப்பா டைப்ரைட்டர் முறைதான். பஸ்ஸுக்கு நேரமாயிற்று, எல்லாருக்கும் நன்றி.

பழுதுபார்ப்பவன்:
மகிழ்ச்சி. அப்பாவுக்குப் போனில் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள்: குரோம் ஐகானை டெஸ்க்டாப்பிலிருந்து எடுத்துவிடட்டும், இல்லையென்றால் கை அங்கேதான் போகும்.

தட்டச்சுஅக்கா:
அடுத்த முறை ஊருக்குப் போகும்போது லினக்ஸ் சோதிப்பதாக இருந்தால், ஐபஸில் தமிழ்99 பக்கத்திலேயே டைப்ரைட்டர் என்றும் ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்து அப்பாவையே உட்கார வைத்து "கொடைக்கானல்" என்று அடிக்கச் சொல்லுங்கள். கொம்பு அவர் கைப்பழக்கப்படி விழுந்தால் மட்டும் மாற்றுங்கள்.

பென்குயின்பித்தன்:
அதை ஒப்புக்கொள்கிறேன் அக்கா. தமிழ்99 பற்றி அந்த இழையில் பதில் போட்டிருக்கிறேன், வாருங்கள்.